இரண்டு மில்லிமீட்டர் உளி

என் உளியின் அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
டாக்டர் ஃபாரிடா தன் உளியைக் காட்டவில்லை.
பேனாவால் தன் கட்டைவிரல் நகத்தில்
ஒரு கோடு போட்டார்:
இரண்டு மில்லிமீட்டர், இவ்வளவுதான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஒரு துவாரம் மட்டும் சிரித்தது.

மற்றது அடைத்துப்போய் இரண்டு வருஷம்.
பதினேழாம் பிளாக், கிழட்டுச் செம்பனை.
அரிவாளுக்கு அறுந்த மட்டை
நான் நினைத்த பக்கம் விழவில்லை.
எலும்பு தானாய் ஒட்டிக்கொண்டது,
கேட்பாரில்லாத வேலி மாதிரி, கோணலாய்.

"பார்க்காமல்தான் வெட்டுவேன்" என்றார்,
ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில்.
தோலுக்கு அடியில் உளி நகரும்.
வெளியே இடக்கை விரல் அதன் முனையைத் தடவியபடி கூடவே போகும்.
நர்ஸ் சுத்தியலால் தட்டுவார், இரண்டிரண்டாய்.
முடிகிற இடத்தில் சத்தம் மாறும்.

அந்த மாற்றம் எனக்குத் தெரியும்.
காம்பு அறும் கடைசிக் குத்தில்
உளிக்குக் குரல் உடையும்.
கையெழுத்துப் போட்டேன்.

பீடோர் பஸ் நிலையத்துக்கு எதிரே
ஹேண்ட்போன் கடை வைத்திருக்கும் தயாளினிக்கு
வேறு மூக்கு, வேறு காரணம்.
நடுவில் ஒரு மேடு. அப்பாவின் மேடு.
செத்த பிறகும் தினம் காலையில்
கண்ணாடியில் வந்து நிற்கிறார் என்றாள்.
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.
பினாங்கில், தனியாரில்,
தோலை முழுசாய்த் தூக்கி
எலும்பைக் கண்ணால் பார்த்து அறுத்தார்களாம்.
காதுக்கு எட்டாத அதிர்வு. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்குமாம்.
எலும்பைத்தான் தின்னும், சதையை அநேகமாய் விட்டுவிடும்.
எனக்கு ஒரு மணி நேரம். அவளுக்கு மூன்றரை.
எனக்கு ஒரு மூட்டை அரிசிக் காசு.
அவளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், புதுசு.

மூன்றாம் நாள் என் கண்ணைச் சுற்றி மங்குஸ்தான் தோல்.
லயத்தில் என் மனைவி பேர் அடிபட்டது:
"பரிமளா கை ஓங்கிட்டாளா?"
அவளும் மறுக்கவில்லை.
கொஞ்ச நாள் அந்தப் பேரை வைத்துக்கொண்டாள்.
தும்மினால் வாயைத் திறந்து தும்மு.
குனியாதே. தலைக்கு மூன்று தலையணை.
ஆறு வாரம் குலை தூக்காதே.
ஆறு வாரச் சம்பளத்தை
எந்த உளி தரும், எந்த அதிர்வு தரும்,
அதை யாரும் சொல்லவில்லை.

தயாளினி எட்டாம் நாள் கடை திறந்தாள்.
கன்னத்தில் தேமல் போல ஒரு பச்சை,
பவுடருக்கு அடங்கிவிட்டது.
அன்று எனக்குப் பொறாமை. பொய் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் மாதம் டாப்அப் போடப் போனேன்.
கவுன்டர் கண்ணாடியில் இருவரும் மூக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம்.
அவளுக்கு நுனி இன்னும் மரத்திருக்கிறது.
எனக்கு வலப்பக்கம் விரல் வைத்தால்
ஒரு சின்னப் படி தட்டுப்படும்.
வீக்கம் முழுசாய் வற்ற ஒரு வருஷம் என்று
இரண்டு டாக்டரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள்.
யாருடையது நல்லா இருக்கு?
பேட்டரி மாற்ற வந்த சீனப் பெரியவரை அவள் கேட்டாள்.
அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
"ரெண்டு பேருக்கும் மூக்கில என்ன?"

அப்போது காற்று திரும்பியது.
ஆலையில் பழம் வேகும் வாடை
கடைக்குள் வந்து உட்கார்ந்தது.
"நாறுது" என்று அவள் கதவைச் சாத்த எழுந்தாள்.
நான் இரண்டு துவாரத்தாலும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மண்டோர் என்னை
இளமர பிளாக்கில் போட்டிருக்கிறார். உளி வேலை.
ஒரு குத்து. இன்னொன்று. சத்தம் மாறுகிறது.
அன்று மயக்கத்தில் இருந்தேன், கேட்டிருக்க முடியாது.
ஆனாலும் நெற்றிக்குள் எங்கோ
இது ஏற்கெனவே கேட்ட சத்தம்.

குலை விழுமுன்
இரண்டடி தள்ளி நிற்கிறேன்.
முன்பு ஓரடிதான்.