நாற்பது வாட்

மையத்தின் பின்னறையில் முழங்கால் மட்டும் மழைத்தண்ணீர்.
'மூணே நாள், உன் வீட்டுல வெச்சுக்கம்மா' என்று
ரேஞ்சர் தில்லைநாயகம் கடிதம் கொடுத்தார், முத்திரை வைத்து.
வழக்குச் சொத்து:
நட்சத்திர ஆமைக் குஞ்சுகள், எண்ணிக்கை நாற்பத்து மூன்று.

விமான நிலையத்தில் யாரோ விட்டுவிட்டு ஓடிய பெட்டிக்குள்
பள்ளிக்கூடக் காலுறைகளில் கிடந்தவை.
ஒரு காலுறைக்கு ஏழு, எட்டு.
கால் நீட்டிவிடாதபடி சுற்றிலும் டேப்.
அதைப் பிரித்த ஓசை
இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது.

வேளச்சேரி, முதல் மாடி, ஒற்றை அறை.
படிக்கட்டிலேயே மறித்தார் வீட்டுக்காரர் எபனேசர்.
'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்...'
என்று இழுத்தார்.
கோர்ட்டுக் காகிதத்தைக் காட்டினேன்.
ரெண்டும் ஒண்ணாவே வந்திருக்கு சார்.
ஒதுங்கி வழிவிட்டார், சிரிக்காமல்.

மீன் வந்த தெர்மாகோல் பெட்டி.
மூன்று முறை கழுவியும் வஞ்சிரம் வாசம் போகவில்லை.
ஐஸுக்கென்றே பிறந்ததை
அனலுக்குப் பழக்க வேண்டும்.
அடியில் தேங்காய்நார்த் தூள், நனைத்துப் பிழிந்து.
ஒரு மூலை முப்பத்திரண்டு டிகிரி,
மறு மூலை சூடில்லாமல்.
'எது வேணுமோ அதுங்களே நடந்து போய் எடுத்துக்கும்'
என்றார் டாக்டர் போனில்.
மே மாதத்தில் என் அறைக்கு
அப்படி ஒரு மறு மூலை கிடையாது.

பல்புக்கு ஐந்து கடை ஏறி இறங்கினேன்.
'குண்டு பல்பா? அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சே.'
எரியவிட்டுக் காட்டினார்கள், வெள்ளை வெளேரென்று.
கிட்டே கை நீட்டினேன்.
வெளிச்சம் மட்டும்.

கடைசியில் மொய்துவின் டீக்கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை பப்ஸ் பதினொன்று,
அவற்றின் தலைக்குமேல்
மஞ்சளாய், தூசி படிந்து, நாற்பது வாட்.
கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.
சுவிட்சை அணைத்து, கல்லாத் துணியைச் சுற்றித்
திருகி எடுத்தார்.
சூடு ஆறாமலே என் கைக்கு வந்தது.
'பப்ஸ் இன்னிக்கு ஆறிப்போய்த்தான் இருக்கட்டும், போ.'

பூரித்தட்டில் வெதுவெதுவென்று நீர், தாடை மட்டத்துக்கு.
நெல்லிக்காய் அளவு உடம்பு
நெல்லிக்காய்க்கு இல்லாத கழுத்தை நீட்டி
கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.
எத்தனை நாள் தாகமோ.
ஓட்டின்மேல் பென்சிலால் எண் எழுதினேன்.
பெயர் வைக்கக் கூடாது, அது விதி.
ஏழாம் எண் என் கட்டைவிரலைக் கடித்துப் பார்த்து
இலை இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டது.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
முப்பத்தொன்று. இருபத்தொன்பது.
அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றி,
பழைய நைட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் படுக்கவைத்தேன்.
இருபத்தெட்டு.
பாட்டில் ஆற ஆற மறுபடி.
மூன்று மணி இருக்கும், ஜன்னலில் ஏதோ தட்டியது.
கீழேயிருந்து ஓர் ஒட்டடைக் கம்பு
நுனியில் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு
இருட்டில் ஆடியது.
'இன்வெர்ட்டர்ல என் ஃபேனை நிறுத்திட்டேன்.
ஒரு பல்பு தாங்கும்.'
அதற்குமேல் எபனேசர் ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது.
பதினேழாம் எண் மட்டும்
தொட்டும் கழுத்தை உள்ளே இழுக்கவில்லை.
செத்தாலும் சொத்து சொத்துதான்.
நீதிபதி கேட்டால் நாற்பத்து மூன்றும் இருக்க வேண்டும்.
ஐஸ்கிரீம் டப்பாவில் இட்டு, தேதி எழுதி,
ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.
உள்ளே சின்ன பல்பு எரிந்தது,
தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் இடமிருந்தது.

பின்னால் பெட்டியில் யாரோ
செம்பருத்தி இலையைக் கிழிக்கிறார்கள்,
சரக், சரக்.
தட்டில் நீர் மாற்ற வேண்டும்.
மொய்து கடை திறந்திருப்பார்.