மூன்று முறை

அழைப்பது என் வேலை.
இருபத்தாறு வருடம்
சிறுவழக்கு நீதிமன்றத் தாழ்வாரத்தில்
பெயர், தகப்பன் பெயர், மறுபடி பெயர்.
மூன்று முறை.
நான்காவது முறை அழைத்ததில்லை யாரையும்.

ஹெப்சிபா அம்மா வந்து சேர்ந்த அன்று
பாரிமுனையில் முழங்கால் தண்ணீர்.
செருப்பைக் கையில் பிடித்தபடி படியேறியவரை
யாரோ கட்சிக்காரர் என்று நினைத்து
ஓரமா உட்காருங்க, கூப்பிடுவோம் என்றேன்.
உட்கார்ந்தார்.
பத்தரைக்கு எழுந்து
மேடைக்குப் போனார்.
அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

வாடகை பாக்கி, காலி செய்கிற வழக்கு,
லாரி மோதிச் செத்தவனின் காலுக்கும் கைக்கும்
தனித்தனியாய்க் கணக்கு.
நான் கத்திவிட்டு உள்ளே வருவேன்.
'எதிர்மனுதாரர் அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை.
ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்கப்படுகிறது.'
இரண்டே வரி.
சூளையில் ஒரு குடும்பம்
சட்டி பானையோடு தெருவுக்கு வரும்.

ஒருமுறை சேம்பரில் கேட்டார்:
'பாலையா, சத்தமாத்தான கூப்பிட்ட?'
ஆமாம்மா.
'படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்குமா?'
கீழே ஜெராக்ஸ் கடை, டைப் அடிக்கிற சத்தம்,
பீச் ஸ்டேஷனிலிருந்து ரயில்.
எனக்கெப்படித் தெரியும்?

அங்கிருந்து சிட்டி சிவில் கோர்ட்டு. அதோடு சரி.
மேலே போகும் பட்டியலில் பெயர் இருந்ததாம்.
பட்டியல் டெல்லியில் இருந்ததாம்.
அறுபதில் ஒரு சால்வை,
சந்தன மாலை,
பத்து நிமிடம் ஆங்கிலத்தில் புகழ்ச்சி.

இப்போது வில்லிவாக்கம்.
நான்கு மாடி, நாற்பத்தெட்டு வீடு, ஒரு லிப்ட்.
கேட்டில் இரவு வேலைக்கு
என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.
சங்கத் தலைவர் தேர்தலில்
ஜட்ஜ் அம்மா நிற்கிறார் என்றதும்
யாரும் மனு வாங்கவில்லை.
போட்டியின்றித் தேர்வு; ஆளுக்கொரு மைசூர்பாக்.
அடுத்த வருடமும் போட்டியின்றி.
தண்ணீர் லாரிக்குச் சீட்டு, மாடிக்குக் குரங்கு வலை,
லிப்டுக்குள் ஒரு காகிதம்,
குப்பைக்கு இரண்டு வாளி.
மூன்றாம் வருடம்
மைசூர்பாக்கும் இல்லை.
கூட்டத்துக்கு ஒன்பது பேர்,
அதில் இரண்டு பேர் போனில்.

நாலாம் வருடம் முடிவை அறிவித்தபோது
அம்மா பேனாவை மூடினார்.
சன்னலைப் பார்த்தார்.
எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

மறுநாள் பலகையில் அவர் கையெழுத்தில்:
'எதிர்ப்பவர் யாரும் ஆஜராகாததால்
நான் தலைவராக்கப்பட்டேன்.
ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர
முப்பது நாள் அவகாசம் உண்டு.'
படித்தவர்கள் சிரித்தார்கள்.
சி பிளாக் வங்கிக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டார்.
பூட்டிய வீடுகளின் கதவில்
நானே பசை தடவி ஒட்டினேன்,
அமீனா மாதிரி.

முப்பதாம் நாள் சாயங்காலம்
தெய்வானை வந்தாள்.
ஐந்து வீட்டில் பாத்திரம், இரண்டு வீட்டில் துணி.
முழங்காலில் பச்சைக் கட்டு.
'எனக்கு ஓட்டு இல்லைன்னு தெரியும்மா.
லிப்ட்ல வேலைக்காரங்க ஏறக்கூடாதுன்னு
ஒரு பேப்பர் இருக்குதே,
எம் பொண்ணு படிச்சுச் சொன்னா,
கீழ உங்க பேராம்.'

வரவு செலவு நோட்டின் மேல்
அம்மாவின் கை அப்படியே இருந்தது.
இந்தச் சங்கத்தில் உனக்கு என்ன பாத்தியதை என்று
கேட்கப்போகிறார் என நினைத்தேன்.
கோர்ட்டில் கேட்டிருப்பார்.

'பாலையா,
கூப்பிடு.'

யாரைம்மா? எதிரிலேயே நிற்கிறாளே.

'முறையாக் கூப்பிடு.'

ஓய்வு பெற்றபின் முதல் தடவை
தொண்டையைச் செருமினேன்.
தெய்வானை!
நாலாம் மாடியில் ஒரு சன்னல் திறந்தது.
தெய்வானை!
லிப்ட் எங்கோ நின்றது.
தெய்வா...

'இங்கதான்யா இருக்கேன்,' என்றாள்,
'எத்தனை தடவை?'