வாய்க்குள் ஒரு சொல்

பெண்டிகோ மருத்துவமனை, நாலாவது மாடி.
டெஸ்மண்ட் கின்னியர், முன்பு டிராம் ஓட்டியவர்.
"வேறு வழியே இல்லையா, தாட்ஷ்?"
தாட்சாயணியில் பாதிதான் அவர் வாய்க்கு எட்டும்.

இருக்கிறது.
ஆனால் அந்தச் சொல்லை
அவர்தான் முதலில் எடுக்க வேண்டும்.
நான் எடுத்தால் குற்றம்.

"வழி என்றால்?" என்கிறேன்,
நகர்த்தத் தேவையில்லாத தண்ணீர்க் குவளையை
நகர்த்தியபடி.

இரவு வலியைச் சொல்கிறார்.
நாயை யார் பார்ப்பார்கள் என்கிறார்.
இரண்டு நிறுத்தம் தள்ளி நிற்கிறது சொல்.
அவர் கேட்பது அதைத்தானா,
எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா?

மகள் வந்துவிடுகிறாள், பார்க்கிங் சீட்டோடு.
பேச்சு சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தாவுகிறது.

கோப்பில் எழுதுகிறேன்:
நோயாளி எதுவும் கேட்கவில்லை.
அடிக்கிறேன்.
திரும்பவும்
அதையே எழுதுகிறேன்.