ஐந்து, ஐந்து, பிறகு

ஜனவரிப் புயல் மீன் காயப்போடும் பந்தலைப்
பிடுங்கிப் பாறைமேல் எறிந்துவிட்டுப் போயிருந்தது.
தப்பிய கழிகள் எல்லாம் ஒரே நீளம், ஐந்து மீட்டர்.
எய்லெர்ட் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தான்,
மறுமுனையை நான்.
விவாகரத்தாகி ஒன்பது வருஷம்.
வீட்டைப் பிரித்தோம், படகை விற்றுப் பிரித்தோம்.
பந்தலைப் பிரிக்க வழியில்லை,
நிற்க அதற்கு இரண்டு கால் வேண்டும்.

வாரோய் தீவில் பிப்ரவரிச் சூரியன்
கடலுக்கு மேல் ஒரு சாண் ஏறி
வந்த காரியம் மறந்தாற்போல் திரும்பிவிடும்.
அதற்குள் சண்டையை முடிக்க வேண்டும்.

இரண்டு சம கழிகளை உச்சியில் கட்டிவிட்டால்
மிஞ்சுவது ஒரே கேள்வி:
பாதங்கள் எவ்வளவு தள்ளி நிற்பது?

ஆறு, என்றேன் நான்.
உயரம் நான்கு வரும். கீழ்வரிசை மீன்
தரையின் ஈரத்துக்குத் தப்பும்.
எட்டு, என்றான் அவன்.
உயரம் மூன்று போதும். காற்று மேலே தாண்டிப் போகும்.
புயலுக்குக் குனியத் தெரியாதவள் நீ, என்றும் சொன்னான்,
பந்தலைப் பற்றித்தான் சொல்வதுபோல.

பனியில் குச்சியால் என் முக்கோணத்தைக் கீறினேன்.
பக்கத்தில் அவன் தன்னுடையதை.
உன்னுடையதில் இடமே இல்லை, என்றேன்.
உன்னுடையதில்தான் இல்லை, என்றான்.
கையுறையைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டோம்.
ஆறில் பாதி மூன்று, மூன்றை நான்கால் பெருக்கப் பன்னிரண்டு.
எட்டில் பாதி நான்கு, நான்கை மூன்றால் பெருக்கப்
பன்னிரண்டு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
கடற்காகம் ஒன்று எங்களுக்காகக் கத்தியது.

உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினால்
இரண்டிலும் அது அடிப்பக்கத்தின் நட்டநடுவில் நிற்கும்,
யார் பக்கமும் சாயாமல்.
அந்தக் கயிற்றோடு வெட்டினால்
என் முக்கோணத்தில் இரண்டு பாதி: மூன்று, நான்கு, ஐந்து.
அவன் முக்கோணத்திலும் அதே இரண்டு பாதி.
நான்கு மீட்டர் விளிம்பில் சேர்த்தால் நான் கேட்டது,
மூன்று மீட்டர் விளிம்பில் சேர்த்தால் அவன் கேட்டது.
பாதிகளில் குறை இல்லை.
எந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றோம் என்பதில்தான்.
இதை நான் சொல்லவில்லை.
அவனும் பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு? என்றான் கடைசியில்.
ஏழு என்றால் உயரம் சுத்தமாக வராது.
மூன்றரைக்கு மேலே ஏழு சென்டிமீட்டர்,
அதற்கும் மேலே ஏதோ, அதற்குப் பின்னும் ஏதோ,
முடியாத தசமம்.
பரப்பைப் பெருக்கிப் பார்த்தோம், இரண்டு முறை.
பன்னிரண்டரை. மயிரிழை குறைவு.
இரண்டு பேர் கேட்டதையும்விட அதிகம்.

அப்போதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, உண்மையைச் சொன்னால்.
இருபது வருஷம் இந்த எண் பக்கத்திலேயே கிடந்திருக்கிறதே
என்றுதான் தோன்றியது.

ஒரு பாதத்துக்கான கோணத்தைப் பலகையில் வெட்டினேன்.
திருப்பிப் போட்டால் மறு பாதத்துக்கும் அதுவே.
முக்கோணத்தைக் கவிழ்த்துத் தன் மேலேயே வைத்தால்
இடது எது, வலது எது என்று அதற்கே தெரியாது.
நான் ஒரு கழியைத் தூக்க, அவன் மற்றதை.
உச்சிக் கோணம் செங்கோணத்துக்கு ஒரு பாகை குறைவாக நின்றது.
சரி பார்க்கலாமா என்றான். வேண்டாம் என்றேன்.

ஏப்ரலில் வந்தால் பாருங்கள்:
வால்களை இணைத்துக் கட்டிய காட் மீன்கள்
கழிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
எடை ஒத்துப்போகும்படி பார்த்துச் சேர்த்தவை.
ஒன்று கனத்தால் இரண்டும் வழுக்கி விழும்.

அந்த அரைச் சதுர மீட்டரில்
எதைத் தொங்கவிடுவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.
தலைகளை, என்கிறான் எய்லெர்ட்.
காலியாக இருக்கட்டும், என்கிறேன் நான்.