கொங்காடை

"பத்துக்கு நாலு, இரும்புச் சட்டம்.
ஒரு குரங்கு படம். பேர் தமிழில் பெரிசா."
ஏற்காட்டில் ஏரிப் பக்கம் காப்பிக்கடை போடும்
அருள்சீலன் வாட்ஸப்பில் சொன்னார்.
பேர்: கப்புச்சின்.

"ப் ரெட்டிக்கணுமா, ச் ரெட்டிக்கணுமா?"
"ரெண்டையும் ரெட்டிச்சுக்கோ, காசா பணமா."

நாலு ரோட்டில் என் பிளக்ஸ் கடை.
பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
கட்சிக்காரர் பிறந்தநாள்
எல்லாம் ஒரே மிஷினில் ஓடும்.
ஆனாலும் அர்த்தம் தெரியாத சொல்லைப்
பெரிசாக்க எனக்குக் கை வராது.
மிஷின் சூடாகிற நேரத்தில் தேடிப் படித்தேன்.

இத்தாலியில் தலையை மூடும் துணிக்கு ஒரு பேர்.
அதைப் போட்டுத் திரிந்த பழுப்பு அங்கிச் சாமியார்களுக்கு
துணியின் பேரே ஒட்டிக்கொண்டது.
கப்பலேறிப் போனவர்கள்
தென்னமெரிக்கக் காட்டுக் கிளையில் ஒன்றைக் கண்டார்கள்:
வெளிறிய முகம்,
உச்சியில் கறுப்பாய்க் கவிழ்ந்த மயிர்.
அட, நம்ம சாமியார்!
அப்புறம் பால் கலந்த காப்பியின் நிறத்துக்கும்
அதே அங்கி.

ஜெபித்தவருக்கும்
கொட்டையைக் கல்லில் உடைத்துத் தின்றதுக்கும்
டம்ளர் நுரைக்கும்
ஒரே துணி.
குரங்கை யாரும் கேட்கவில்லை.

நம்ம ஆட்கள் தலையைப் பார்க்கவே இல்லை போல.
ஆண் கடுவன், பெண் மந்தி,
வயிற்றில் தொங்குவது பறழ்.
குடும்பத்தை விசாரித்துவிட்டுப்
பேர் வைத்திருக்கிறார்கள்.

அளவெடுக்க பஸ் ஏறினேன்.
கொண்டை ஊசி, கொண்டை ஊசி, கொண்டை ஊசி.
இந்த ரோட்டுக்கும் தலையிலிருந்துதான் பேர்
என்பது பதினோராவது வளைவில் உறைத்தது,
பக்கத்து சீட்டுப் பையன்
என் பையில் வாந்தி எடுத்த பிறகு.

சுவரில் வரிசையாக நம்மூர்க் குரங்குகள்.
நடு வகிடெடுத்துப் படிய வாரினது மாதிரி தலை.
இதுக்கும் வெள்ளைக்காரன்
தொப்பி என்றுதான் பேர் வைத்தானாம்.
அவன் ஊரில் குளிர் அதிகம்,
எதைப் பார்த்தாலும் முதலில் தலையைத்தான் பார்ப்பான்.

ஏரிக்கரையில் பிடித்த மழை
நாலு மணி வரை விடவில்லை.
டேப்பை நீட்டின கையோடு
தகரத்தின் கீழ் நின்றேன்.
எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தது ஓர் உருவம்.
யூரியா சாக்கின் ஒரு மூலையை
இன்னொரு மூலைக்குள் திணித்துத்
தலையோடு முதுகை மூடி,
உள்ளே முகம் மட்டும்.
மிளகுக்கொடி உரசின கை.
வெள்ளச்சி என்றாள் பேரை, நான் கேட்காமலே.

"அந்தச் சாக்குக்கு என்னக்கா பேரு?"
"இதுக்கா? கொங்காடை.
நீ எந்த ஊரு கண்ணு, இது தெரியாம?"

அடிவாரத்தில்தான் இருக்கிறேன்.
முப்பத்தோரு வருஷம்.

அன்று ராத்திரியே அனுப்பினேன்:
*கொங்காடைக் குரங்கு காப்பிக்கடை.*
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
ஐந்து நிமிஷம் எழுதிக்கொண்டே இருந்தார், அழித்துக்கொண்டே.
கடைசியில் வந்தது:
"தங்கச்சி, பெங்களூர்க்காரன் எப்படித் தேடுவான்?
கூகுள்ல வராதும்மா."

அதுவும் சரிதான்.
வராத சொல்லை நான் எங்கே மாட்டுவது?

கப்புச்சின் என்றே அடித்தேன்.
ப்-பும் ச்-சும் இரட்டித்து, மஞ்சளில்.
பக்கத்தில் குரங்கு.
தலைக் கறுப்பை முடியாக வரையாமல்
இரண்டு மூலை ஒன்றுக்குள் ஒன்று போன
கோணலாக வரைந்தேன்.
நெற்றிக்கு மேல், கண்ணை இடுக்கினால் மட்டும் தெரிகிற மாதிரி,
'45 கிலோ'.

மாட்டின அன்று அருள்சீலன்
ஏணிக்குக் கீழே நின்று
நெடுநேரம் பார்த்தார்.
பேசின தொகையில் இருநூறைப் பிடித்துக்கொண்டு கேட்டார்,
"மண்டையில என்னமோ கோடு ஓடுது?"

"மடிப்பு" என்றேன்.