பிளாட்பாரத்தில் அறுபத்து நான்கு பேர்

அந்த ரயில் விளையாட்டைச் செய்தவர்கள்
எங்கோ குளிர்தேசத்துக்காரர்கள்.
ஒரு பிளாட்பாரத்துக்கு அறுபத்து நான்கு பேர் போதும்
என்று தொண்ணூற்றெட்டில் முடிவெடுத்திருந்தார்கள்.
கம்பெனியை மூடி இருபது வருஷம் ஆயிற்று.
முறையிட ஆளில்லை.

தாதரில் அறுபத்து நான்கு பேர்!
முதலில் ஓட்டிப் பார்த்த இரவு
மினல் சிரித்த சிரிப்பில்
சயானில் அவள் மாமியார் எழுந்துவிட்டார்.

ஞானதுரைதான் அந்த எண்ணைக் கண்டுபிடித்தான்.
தாராவியில், பெல்ட் பக்கிள் பட்டறைக்கு மேலே அவன் அறை.
அறுபத்து நான்கு அந்தக் கோப்பில்
நாற்பது என்று எழுதப்பட்டிருக்குமாம்.
எத்தனையோ நாற்பதுகளில் எந்த நாற்பது?
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி
மூன்று வாரம்.
இருநூற்று ஐம்பத்தைந்து ஆக்கினான். போதவில்லை.
பக்கத்திலிருந்து இன்னொரு பைட்டைத் திருடினான்:
அறுபத்தையாயிரத்துச் சொச்சம்.
கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றது.
அப்போதுதான் தாதர் தாதராக இருந்தது.

அடுத்தது கதவு.
கதவு மூடாமல் வண்டி கிளம்பாது, விளையாட்டின் சட்டம்.
திறந்த கதவு ஒன்றை வரைந்து
அதற்கு ‘மூடிய கதவு’ என்று பேர் வைத்தோம்.
நம்பிவிட்டது.

பெட்டிகளை வரைகிறவன் ஹங்கேரியில் இருக்கிறான்.
மும்பையைப் பார்த்ததில்லை.
ஜன்னல் கம்பி எத்தனை,
கைப்பிடி வளைவில் எந்தப் பக்கம் சாயும்,
எல்லாம் கேட்பான்.
ஒருநாள் கேட்டான்:
ஃபேனை ஏன் சீப்பால் தட்டிக் கிளப்புகிறார்கள்?
பதில் எழுதவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சத்தம் என் பங்கு.
பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டிய வருஷம்
போனைச் சாக்ஸுக்குள் போட்டு
லேடீஸ் பெட்டி ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டேன்.
மான்கூர்ட் தாண்டிக் கழிமுகப் பாலத்தில்
மோட்டார் குரல் மாறும் இடம் வேண்டும் எனக்கு.
எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள்
என்ன அது என்றாள்.
வண்டிச் சத்தம் பிடிக்கிறேன் என்றேன்.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.
நான்காம் நிமிடத்தில் அவள் பட்டாணி உடைவது கேட்கும்.
வெட்டவில்லை.

சண்டை வந்தது விழுவதைப் பற்றி.

பெட்டிக்கு வெளியே உடம்பு நீண்டால்
விளையாட்டுக்கு அது விழுந்த ஆள்.
ஐந்நூறு புள்ளி போச்சு.
வாசலில் தொங்கவிட்ட எங்கள் ஆட்கள் எல்லாம்
வண்டி அசைந்ததுமே செத்துக்கொண்டிருந்தார்கள்.
குர்லா வருவதற்குள் எங்கள் கணக்கு பாதாளத்தில்.
முழுக்க எடுக்க வேண்டாம்,
ஆயிரத்தில் ஒருவர் விழட்டும் என்றாள் மினல்,
அசல் மாதிரி இருக்க வேண்டாமா?
நானும் ஆமாம் என்றேன்.
ஹங்கேரிக்காரன் எந்த வளைவில் எத்தனை என்று
அட்டவணையே போட்டு அனுப்பினான்.

ஞானதுரை இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் வந்த கோப்பில்
விழும் பகுதியே இல்லை.
அது இருந்த இடத்தில் வரிசையாகத் தொண்ணூறுகள்.
‘ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ’
என்று இயந்திரத்துக்குச் சொல்லும் எண் அது.
எண்ணினேன். நாற்பத்தோரு தொண்ணூறுகள்.

நான்கு வருஷப் பழக்கம்.
கல்யாணோ பன்வேலோ, எங்கே கூப்பிட்டாலும்
இரண்டு பஸ் மாறித்தான் வருவான்.
வேர்த்து, தாமதமாக.
ரயில் பைத்தியம் ஒருத்தன் ஏன் அப்படி என்று
அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.
யாரும் கேட்கவில்லை.
அட்டவணையைப் பற்றியும் அப்புறம் பேச்சில்லை.

இப்போது எங்கள் எட்டு பதினேழில்
தொங்குகிறவர்கள்
தொங்கியபடியே போய்ச் சேர்கிறார்கள்.
பிளாட்பாரத்தில் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டு
படியேறிப் போகிறார்கள்.

மழைதான் இன்னும் சாய்வாகப் பெய்ய மாட்டேன் என்கிறது.
செங்குத்தாகவே விழுகிறது, குளிர்தேசத்து மழை.
மினல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.