பேரினம்

முருங்கனுக்கு வடக்கே, கட்டுக்கரைக் குளத்து
வாய்க்காலை அகலப்படுத்தும் வேலை.
ஆறடியில் சுண்ணாம்புப் பார்.
பெக்கோவின் வாளி பல்லைக் கடித்தது.
இறங்கிப் பார்த்தேன்.

இங்கே எலும்பென்றால்
முதலில் நிற்பது எஞ்சின்.
பிறகு பேச்சு.

மத்தியானத்துக்குள் மஞ்சள் நாடா.
மூன்று மணிக்கு நீதவான்.
நாலரைக்கு அவர்கள்,
மடுவிலிருந்தும் அடம்பனிலிருந்தும் பஸ் பிடித்து,
லேமினேட் செய்த படங்களையே
வெயிலுக்குத் தலைமேல் பிடித்தபடி.

எமிலியானா அக்கா நாடாவுக்கு மேலால் எட்டிக் கேட்டாள்:
"தம்பி, பல்லு இருந்ததோ?
என்ரை பெடியனுக்கு முன்பல் பாதிதான்.
கிரிக்கெட் பந்து பட்டது."
இருந்தது, அக்கா.
என் பெருவிரல் அளவு, கூம்பாய்.
எப்படிச் சொல்ல?

சட்ட வைத்திய அதிகாரி நெடுநேரம் குனிந்திருந்தார்.
"மனிசர் இல்லை."
ஒருத்தி "அப்பாடா" என்றாள்.
ஒருத்தி அழுதாள்.
இரண்டும் ஒருத்தியேதானோ, நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள்
கிடங்குக்குள் குப்புறக் கிடந்து
பல்துலக்கும் தூரிகையால் மண் தட்டினாள்.
ஊர்வன, என்றாள். நீள்மூக்கு.
முதலைக்குச் சொந்தம், முதலை அல்ல.
கடல் இங்கே நின்ற காலம்.
"முற்றாய் அழிஞ்சுபோன பேரினம்."

பேரினமோ?
எல்லோரும் அவளைப் பார்த்தோம்.
தமிழ் தெரியாத பொலிஸ்காரன் மட்டும்
கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான்.
அவள் முகம் சிவந்து,
"விலங்கியலிலை அப்பிடித்தான் சொல்றது" என்றாள்.

ஒரு பல் போதுமாம் பெயர் வைக்க.
ஒரு பல், தாடையில் ஒரு துண்டு;
நீளம், எடை, என்ன தின்றது,
எந்தத் தண்ணீரில் கிடந்தது,
எல்லாம் எழுதிவிடலாமாம்.

"எத்தினை வருசம், பிள்ளை?"
"கோடிக்கு மேலை, அம்மா."
எமிலியானா அக்கா மண்ணைப் பார்த்தாள்.
"அவ்வளவு காலம் வைச்சிருக்குதே."

வலைஞர்மடத்தில் ஒருமுறை வெட்டினேன்.
இரவு. வேறு வாளி. மணல்.
எத்தனை அடியென்று
எந்த நீதவானும் கேட்கவில்லை.

எலும்பு பஞ்சு சுற்றிக் கொழும்புக்குப் போயிற்று,
இனங்காணப்படாதது என்ற சீட்டோடு.
நாடாவைச் சுருட்டிக்கொண்டு பொலிஸ் போயிற்று.
திங்கள் காலை சாவியைத் திருகினேன்.
வாளியை இறக்கப் போகையில்
வாய்க்கால் வரம்பில் அவள், தனியாய்,
படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி.

"தம்பி," என்றாள், எஞ்சின் சத்தத்துக்கு மேலால்,
"நீ வேறை எங்கையெல்லாம் வெட்டினனீ?"

எஞ்சினை நிறுத்தினேன்.